பெட் ஸ்கேன் எடுத்தாச்சு, பின்ன எதுக்காக்கும் மஜ்ஜையில குத்து?

எல்லைக்கல் | 14 ஜூன் 2024, காலை 7.10

கழுத்துக் கட்டியை எடுத்துப் பார்த்து லிம்போமான்னு, அதாவது நிணநீர்ப் புற்றுநோய்னு உறுதியாச்சு. பெட் ஸ்கேனும் முடிஞ்சுது. எலும்பில ஒண்ணும் ஒளிரலன்னு எழுதியிருக்கு. அதுக்கப்புறமும் இடுப்பெலும்பில மஜ்ஜை எடுக்கணுமாம். நான் சொல்லுறது இதாக்கும்: பெட் வந்த பிறகு லிம்போமாவுக்கு மஜ்ஜை பயாப்ஸி பழைய காலத்துச் சடங்கு. உடம்பு முழுக்கப் பார்க்கிற ஸ்கேன் சொல்லாததை இத்துனூண்டு துண்டு சொல்லப் போகுதா? எப்படியும் கீமோ குடுக்கத்தானே போறாங்க? மறுப்பு இருந்தா வாங்க.

ஸ்லைடுப்பெட்டி | 14 ஜூன், காலை 9.35

தம்பி, பாதி சரி. மீதிப் பாதி, எந்த லிம்போமா என்பதைப் பொறுத்தது. அதைச் சொல்லாமல் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

ஹாட்ஜ்கின் என்றால் நியாயம் உன் பக்கம். 2012-ல் டென்மார்க்கிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 454 ஹாட்ஜ்கின் நோயாளிகள். பெட்டில் எலும்பில் அங்கங்கே புள்ளியாக ஒளிர்ந்தது 82 பேருக்கு. மஜ்ஜை பயாப்ஸியில் நோய் தெரிந்தது 27 பேருக்குத்தான். பெட்டில் 1, 2-ம் ஸ்டேஜ் என்று வந்தவர்களில் ஒருவருக்குக்கூட மஜ்ஜை பாசிட்டிவ் இல்லை. ஊசி விட்ட பலதை ஸ்கேன் பிடித்திருக்கிறது. ஸ்டேஜ் பிரிக்க 1971-லிருந்து இருந்த ஆன் ஆர்பர் முறையை 2014-ல் லுகானோ வகைப்பாடு திருத்தியபோது, பெட் எடுத்த ஹாட்ஜ்கினுக்கு மஜ்ஜை பயாப்ஸி வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள்.

டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் என்றால், பெட்டில் எலும்பு புள்ளியாக ஒளிர்ந்தாலே 4-ம் ஸ்டேஜ்தான், ஊசி வேண்டாம். ஒளிராவிட்டால், மஜ்ஜையில் கொஞ்சம் இருப்பது தெரிந்தால் சிகிச்சை மாறுமா என்று யோசித்துவிட்டுக் குத்தலாம்.

ஃபாலிகுலர், மார்ஜினல் ஸோன், வால்டன்ஸ்ட்ராம் மாதிரி மெதுவாக வளரும் ஆட்களிடம் பெட்டின் பேச்சு எடுபடாது. மேண்டிலையும் இந்தப் பக்கமே சேர்த்துக்கொள்.

எல்லைக்கல் | 14 ஜூன், காலை 9.52

ஃபாலிகுலர். கிரேடு 1-2ன்னு போட்டிருக்கு. கழுத்தில ஒரு பக்கம் மட்டும்.

ஸ்லைடுப்பெட்டி | 14 ஜூன், காலை 10.20

அதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டாமா! "எப்படியும் கீமோ" என்றாய் பார், அதுவே இங்கே தப்பு.

ஃபாலிகுலர் உண்மையாகவே 1-ம் ஸ்டேஜ் என்றால், அந்த இடத்துக்கு மட்டும் ரேடியேஷன் கொடுப்பார்கள். வழக்கமான அளவு 24 கிரே, 12 தவணை. பலருக்கு அதோடு பல வருடம் நோய் எட்டிப் பார்க்காது. மஜ்ஜையில் இருக்கிறது என்று வந்துவிட்டால் நேரே 4-ம் ஸ்டேஜ். அப்போது கழுத்துக்கு மட்டும் ரேடியேஷன் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்ற நினைப்பை விட வேண்டும். தொந்தரவு இல்லாவிட்டால் மருந்தே தொடங்காமல் கவனித்துக்கொண்டே இருக்கலாம். ஒரு துண்டு எலும்பு முடிவு செய்வது இதைத்தான்.

பெட் ஏன் தவறவிடுகிறது என்றால், அது பார்ப்பது சர்க்கரைப் பசியை. ஃபாலிகுலரின் சிறு செல்கள் அவ்வளவு பசிக்காரர்கள் இல்லை. போதாததற்கு எலும்புக்குள் இருக்கும் மெல்லிய எலும்புச் சட்டங்களின் ஓரமாக மெல்லிய வரியாக ஒட்டிக் கிடக்கும், கால்வாய்க் கரையில் படிந்த வண்டல் மாதிரி. நடு மஜ்ஜை சுத்தமாக இருக்கும். மஜ்ஜைக்கு இயல்பாகவே கொஞ்சம் ஒளி உண்டு. அந்த மங்கலில் இந்த வரி மறைந்துபோகும். ஃபாலிகுலரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மஜ்ஜையில் நோய் இருக்கும் என்பதை மனசில் வைத்துக்கொள்.

ஊசிமுனை | 14 ஜூன், இரவு 9.05

நடைமுறை அறைப் பக்கத்திலிருந்து எழுதுறேன். ஏன் எடுக்கணும்னு அண்ணாச்சி சொல்லியாச்சு. எப்படி எடுக்கணும்ங்கிறதிலதான் பாதி பயாப்ஸி வீணாகுது.

இடம்: பின்பக்கம், இடுப்பெலும்பு மேடு தட்டுப்படுற இடம். ஒருக்களிச்சுப் படுத்து முழங்காலை வயித்துப் பக்கம் மடக்கணும். குண்டான உடம்புன்னா மேட்டைத் தொட்டு உறுதி பண்ணாம ஊசியை எடுக்கவே கூடாது. மார்பெலும்பில ட்ரிஃபைன், அதாவது எலும்புத் துண்டு எடுக்கிறது, ஒருநாளும் கிடையாது. அது மெல்லிசு, உள்ள இதயமும் பெரிய ரத்தக் குழாயும்.

மரத்துப்போக 2% லிக்னோகெயின். தோலில ஒரு குமிழ், பிறகு எலும்பைத் தொட்டு, அதன் மேல்சவ்வில ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு நாலஞ்சு இடத்தில கொஞ்சம் கொஞ்சமா. அவசரக்காரங்க தப்பு பண்ணுறது இங்கதான். சதைக்குள்ள முழு மருந்தையும் விட்டுட்டு, சவ்வுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டாங்க. வலி சவ்விலதான் இருக்கு. போட்டுட்டு மூணு நிமிஷம் காத்திருங்க. 60 கிலோ ஆளுக்கு 2% மருந்து 13 மி.லி.க்கு மேல போகக் கூடாது. 10-க்குள்ள முடிச்சிடலாம்.

துண்டு எடுக்கிறதோட மஜ்ஜையைச் சிரிஞ்சிலயும் உறிஞ்சுவாங்க. உறிஞ்சுறப்ப வர்ற வலிக்கு இந்த ஊசி கேக்காது. காலோட சுண்டி இழுக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள போயிரும். முன்கூட்டியே சொல்லிட்டா ஆள் துள்ள மாட்டாங்க.

ஊசிமுனை | 14 ஜூன், இரவு 9.40

விட்டுப்போச்சு. ஒரே தோல் வெட்டு, ஆனா எலும்பில ரெண்டு ஓட்டை. உறிஞ்சின அதே ஓட்டையில ட்ரிஃபைன் எடுத்தா ரத்தம் கலங்கி, செல்லெல்லாம் சிதறிக் கிடக்கும். ஒரு செ.மீ. தள்ளிப் போங்க.

துண்டு எடுக்கிற ஜாம்ஷிடி ஊசி வெளி எலும்பைத் தாண்டினதும் நடுக்கம்பியை உருவிடணும். பிறகு இடமும் வலமுமா திருகித் திருகி 2 முதல் 3 செ.மீ. உள்ள. முடிவில முழுச் சுத்தா ரெண்டு பக்கமும் பல தடவை திருப்பி, ரெண்டு மி.மீ. பின்னால வாங்கி, கொஞ்சம் சாய்ச்சு மறுபடி அழுத்தினா அடி முறியும். முறிக்காம இழுத்தா துண்டு எலும்பிலயே தங்கிட்டு, ஊசி வெறுங்கையோட வரும்.

ஸ்லைடுப்பெட்டி | 15 ஜூன், காலை 8.15

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. துண்டை ஊசியிலிருந்து வெளியே தள்ளும் திசை. புட்டுக்குழல் நினைவிருக்கட்டும். புட்டைக் கம்பியால் தள்ளுவது அகன்ற வாய் வழியாகத்தானே? ஜாம்ஷிடியின் முனை குறுகலானது. கம்பியை முனைப் பக்கமிருந்து விட்டுக் கைப்பிடி வழியாகத் தள்ள வேண்டும். தலைகீழாகத் தள்ளினால் துண்டு நசுங்கி, செல்கள் கரி இழுத்த மாதிரி நீளும். நசுங்கிய சிறு செல் லிம்போமாவா, வெறும் லிம்போசைட் என்ற சாதாரண வெள்ளணுவா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

வெளியே வந்ததும், திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போடுவதற்கு முன் ஒரு ஸ்லைடின் மேல் மெல்லத் தொட்டெடுங்கள், உருட்டக்கூட வேண்டாம். உறிஞ்சியதில் ஒன்றும் வராத நாளில் இந்தத் தொட்டெடுத்த ஸ்லைடு ஒன்றுதான் செல்லின் முகத்தைக் காட்டும். ஹேரி செல் என்ற ரத்தப் புற்றுநோயில் வலைநார் பின்னிக் கிடப்பதால் அடிக்கடி அப்படி ஆகும்.

நீளம் 1.5 செ.மீ. போதும்.

எல்லைக்கல் | 15 ஜூன், காலை 8.40

அண்ணாச்சி, வேறோர் இடத்தில 2 செ.மீ.ன்னு படிச்சேனே. எது சரி?

ஸ்லைடுப்பெட்டி | 15 ஜூன், காலை 11.00

மாட்டிக்கொண்டேன். நான் சொன்னது ஸ்லைடில் அளக்கும் நீளம். எலும்புத் துண்டு பதப்படுத்தும்போது கால் பங்கு வரை சுருங்கும். அதனால் ஊசியிலிருந்து வரும்போது 2 செ.மீ. இருக்க வேண்டும், 2008-ன் சர்வதேச வழிகாட்டலும் பெரியவர்களுக்கு அதையே சொல்கிறது. இன்னொரு கணக்கு: எலும்புச் சட்டங்களுக்கு நடுவிலுள்ள மஜ்ஜை இடைவெளி பத்தாவது தேற வேண்டும். மேல் விளிம்பை ஒட்டிய பகுதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வயதானவர்களுக்கு அங்கே கொழுப்புதான் இருக்கும், அதை வைத்து மஜ்ஜை காலி என்று எழுதிவிடுவார்கள்.

இரண்டு பக்கமும் எடுப்பது பற்றி: திட்டுத் திட்டாக இருக்கும் நோய்க்கு இரண்டு துண்டு கூடுதல் பயன்தான். ஆனாலும் ஒரு நல்ல 2 செ.மீ. துண்டு, இரண்டு அரைகுறைத் துண்டுகளை விட மேல். ஒரு பக்கம் சரியாக எடுங்கள் என்பேன்.

ஊசிமுனை | 16 ஜூன், மாலை 6.30

ஆஸ்பிரேட், அதாவது உறிஞ்சி எடுக்கிற மஜ்ஜை, அதோட அளவையும் இங்கயே சொல்லிடுறேன். முதல் இழுப்பு 0.25 முதல் 0.5 மி.லி. மட்டும், அது ஸ்லைடில மெல்லிசாத் தேய்க்கிற ஸ்மியருக்கு. பேராசைப்பட்டு 5 மி.லி. இழுத்தா பாதிக்கு மேல சாதா ரத்தம். செல் வகையைப் பிரிச்சுப் பார்க்கிற ஃப்ளோ சோதனைக்கு ரெண்டாவது இழுப்பு, இ.டி.டி.ஏ. குழாயில 2 மி.லி. குரோமோசோம் பார்க்கணும்னா ஹெப்பரின் குழாய். டி.என்.ஏ. சோதனைக்கு ஹெப்பரின் குழாயை அனுப்பினா பி.சி.ஆர். மக்கர் பண்ணும். வால்டன்ஸ்ட்ராமுக்கு எம்.ஒய்.டி.88 மரபணு பார்க்கச் சொல்லுற இடத்தில இந்தத் தப்பு நடக்கும்.

எல்லைக்கல் | 16 ஜூன், மாலை 6.48

நம்ம ஊர்க்காரங்க பயப்படுறது வேற விஷயத்துக்காக்கும். திருவனந்தபுரத்தில நர்ஸ் மலையாளத்தில "இடுப்பெல்லு" (இடுப்பெலும்பு)ன்னு சொன்னா, இங்கயுள்ள ஆள் காதில "நட்டெல்லு" (முதுகெலும்பு)ன்னு விழுது. முதுகுத்தண்டில குத்தி கால் விளங்காமப் போயிரும்னு களியக்காவிளை வரை பேச்சு.

ஸ்லைடுப்பெட்டி | 16 ஜூன், இரவு 8.10

ரெண்டு பாஷையிலும் மஜ்ஜை மஜ்ஜைதான், எல்லுதான் குழப்புகிறது! சரி, தெளிவாகவே எழுதுகிறேன். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பது வேறு சோதனை. மூளைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க, சிலருக்கு மட்டும். மஜ்ஜை எடுப்பது இடுப்பெலும்பின் பின்மேட்டில். தண்டுவடம் அந்தப் பக்கமே வராது.

ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனில் 1995 முதல் 2001 வரை தொகுத்த கணக்கில் சுமார் 54,890 பயாப்ஸிக்கு 26 பெரிய சிக்கல். அதிகம் வந்தது ரத்தக் கசிவு, அடுத்தது ஊசி முறிவது.

ஊசிமுனை | 17 ஜூன், காலை 7.00

கசிவு பத்தி. ரத்தம் உறையுறதுக்கு உதவுற தட்டணு குறைவா இருக்குன்னு மட்டும் தள்ளிப்போட வேண்டியதில்லை, கூடுதல் நேரம் அழுத்தினாப் போதும். பயப்பட வேண்டியது மாத்திரைக்குத்தான். அசிட்ரோம், வார்ஃபரின், குளோபிடோகிரெல் சாப்பிடுறவங்க கேக்காமச் சொல்ல மாட்டாங்க. "ரத்தம் லேசாகுற மாத்திரை உண்டா, நெஞ்சுக்கு வால்வு வச்சிருக்கா"ன்னு பச்சையாக் கேக்கணும். அவங்களா நிறுத்தவும் கூடாது, எழுதிக் குடுத்த டாக்டரைக் கேட்டுத்தான்.

முடிஞ்சதும் 5 நிமிஷம் கையால அழுத்தி, அப்புறம் மல்லாக்கப் படுத்து அந்த இடத்திலயே உடம்புப் பாரத்தை வைக்கணும், அரை மணி நேரம். 24 மணி நேரம் ஈரம் படக் கூடாது. இடுப்பு வலி நேரம் ஆக ஆக ஏறுது, கால் மரக்குது, தலை சுத்துதுன்னா வீட்டில படுத்துக் கிடக்காம உடனே வந்திரணும். ரத்தம் வெளிய தெரியாம வயித்துக்குப் பின்னால இறங்கும்.

ஸ்லைடுப்பெட்டி | 19 ஜூன், மதியம் 1.15

மழை பிடித்துக்கொண்டது, அதனால் ஸ்மியர் பற்றி. குமரி மாவட்டத்து ஜூன் காற்றில் ஸ்லைடு தானாகக் காயக் காத்திருந்தால் செல் சுருங்கிப் போகும். விசிறு, இல்லாவிட்டால் முடி உலர்த்தும் கருவியில் குளிர்காற்று வை. செல் கெடாமல் ஸ்லைடில் பதிக்கும் மெத்தனால் பாட்டிலைத் திறந்து போட்டால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். அதில் பதித்த ஸ்மியரில் சிவப்பணுவுக்குள் பளபளவென்று ஓட்டை ஓட்டையாகத் தெரியும். சாயத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அதைவிடப் பெரிய பாவம்: பதிக்காத ஸ்மியரையும் ஃபார்மலின் டப்பாவையும் ஒரே பெட்டியில் கட்டி பஸ்ஸில் ஏற்றுவது. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் போய்ச் சேருவதற்குள் ஆவி ஏறி ஸ்மியர் முழுக்கப் பச்சை நீலமாகிவிடும். உட்கருவில் ஒன்றும் தெரியாது. தனித்தனிப் பை, தனித்தனிப் பெட்டி. ஃப்ளோ குழாயை ஐஸில் வைக்காதே, வெயிலில் நிற்கும் வண்டியிலும் விடாதே. அறை வெப்பம், ஒரு நாளுக்குள்.

எல்லைக்கல் | 19 ஜூன், மதியம் 1.40

எலும்பை எப்படி வெட்டுவாங்க? ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம்னு சொல்லுறாங்க, இழுத்தடிக்கிறாங்களோன்னு தோணுது.

ஸ்லைடுப்பெட்டி | 19 ஜூன், இரவு 10.30

இழுத்தடிப்பு இல்லை. எலும்பில் சுண்ணாம்பு இருக்கிற வரை கத்தி இறங்காது. ஃபார்மலினில் நன்றாகப் பதிய விட்டு, பிறகு சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சீக்கிரம் கரையும், கூடவே டி.என்.ஏ.வும் போய்விடும். ஃபார்மிக் அமிலம் நடுத்தரம். இ.டி.டி.ஏ. கரைசல் ஒன்றிரண்டு நாள் எடுக்கும், சில நேரம் கூடுதலும் ஆகும். ஆனால் மரபணுச் சோதனைக்கும் நிறச் சோதனைக்கும் அதுதான் நல்லது. அமிலத்தில் மறந்து விட்டுவிட்டால் உட்கரு வெளுத்து, எல்லாமே இளஞ்சிவப்பாகத் தெரியும். போதாமல் எடுத்தால் வெட்டு கிழிந்து பிசிறும். பிறகு 3 மைக்ரான் தடிமனில் பல ஆழங்களில் வெட்டு. ஒரே ஆழத்தில் வெட்டினால் சின்னக் கூட்டம் தப்பிவிடும்.

அதன் பிறகு எந்த வகைச் செல் என்று காட்டும் புரதங்களுக்கு, சி.டி.20, சி.டி.3, சி.டி.10, பி.சி.எல்.2 என்று நிறச் சோதனை. வயதானவர்கள் மஜ்ஜையில் லிம்போசைட் கூட்டம் சும்மாவே இருக்கும். அது நடுவில் வட்டமாக, ஓரம் தெளிவாக, டி செல்லும் பி செல்லும் கலந்து கிடக்கும். எலும்புச் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்தால் ஃபாலிகுலர் என்ற சந்தேகம் வலுக்கும். ஃப்ளோவில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் இது பாசிட்டிவாக இருக்கலாம். நாரோடு ஒட்டியிருப்பதால் உறிஞ்சும்போது வராது.

சி.டி.20-ஐக் குறிவைக்கும் ரிடக்ஸிமாப் மருந்து போட்ட பிறகு எடுத்த மஜ்ஜையா? பி செல்லின் அடையாளமான சி.டி.20 காணாமல் போயிருக்கும். பி செல்லின் வேறு அடையாளங்களான சி.டி.79ஏ அல்லது பாக்ஸ்5 சோதனை போடாமல் பி செல் இல்லை என்று எழுதக் கூடாது. கோரிக்கைத் தாளில் என்ன மருந்து எப்போது போட்டது என்று எழுதாமல் அனுப்புகிறவர்கள் மேல் எனக்குள்ள தீராத கோபத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

ஸ்லைடுப்பெட்டி | 20 ஜூன், காலை 6.50

ராத்திரி யோசித்ததில் முதல் நாள் எழுதியதில் இரண்டு ஓட்டை.

ஒன்று, எலும்பு ஒளிர்வது என்றால் எல்லா ஒளிர்வும் நோய் இல்லை. மஜ்ஜை முழுக்க ஒரே சீராக ஒளிர்ந்தால் ரத்தசோகை, காய்ச்சல், வெள்ளணு ஏற்றும் ஊசி, இவற்றாலும் இருக்கும். ஹாட்ஜ்கினில் இதை நோய் என்று எண்ணி ஸ்டேஜ் ஏற்றக் கூடாது. புள்ளியாக ஒளிர்வதற்கே கணக்கு.

இரண்டு, லார்ஜ் செல்லில் மஜ்ஜையில் இருப்பதும் பெரிய செல்லா, சிறு செல்லா என்பது முக்கியம். பெரிய செல் என்றால் போக்கு மோசம். சிறு செல் என்றால் அவ்வளவு மோசமில்லை, ஆனால் மெதுவான லிம்போமா ஒன்று அடியில் இருக்கிறது, பின்னால் தலைகாட்டலாம். பெட் தவறவிடுவதில் இந்தச் சிறு செல் ஆட்களே அதிகம்.

ஊசிமுனை | 20 ஜூன், காலை 7.25

வரிசையும் முக்கியம் அண்ணாச்சி. பெட் முதல்ல, மஜ்ஜை பிறகு. மாத்திச் செய்தா ஊசி குத்தின ஓட்டையே பெட்டில ஒளிரும். முன்னயே குத்தியாச்சுன்னா எந்தப் பக்கம், எந்தத் தேதின்னு ஸ்கேன் அறையில சொல்லணும். ஸ்டீராய்டு தொடங்குறதுக்கு முன்னாடி எடுக்கிறது இன்னும் நல்லது, லிம்போமா செல் அதுக்கே கரைஞ்சு போகும்.

எல்லைக்கல் | 21 ஜூன், இரவு 9.15

டி.பி.யையும் இதில பார்க்க முடியுமா? கழுத்துக் கட்டின்னாலே இங்க முதல்ல டி.பி. மருந்துதானே.

ஸ்லைடுப்பெட்டி | 21 ஜூன், இரவு 9.50

முடியும், முன்யோசனை வேண்டும். ஃபார்மலினில் போட்ட துண்டில் கிருமி வளராது. சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரேட் கொஞ்சம் கிருமியில்லாத குழாயில் தனியாகக் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்த்துப் பார்க்க. திரவ ஊடகத்தில் ஆறு வாரம் வரை பார்ப்பார்கள். மஜ்ஜையில் கிரானுலோமா என்ற அழற்சி செல் முடிச்சு தெரிந்ததுமே டி.பி. என்று குதிக்காதே, ஹாட்ஜ்கின் உள்ளவர்களுக்கு நோய் செல்லே இல்லாமலும் கிரானுலோமா வரும். கழுத்துக் கட்டிக்குத் திசு எடுக்காமல் மருந்து தொடங்குவது பற்றித் தனி இழை போட்டால் நானே முதலில் வந்து சண்டை போடுகிறேன்.

எல்லைக்கல் | 29 ஜூன், காலை 8.00

ரிப்போர்ட் ஆச்சு. "நீளம் 0.6 செ.மீ., பெரும்பாலும் வெளி எலும்பு, கொஞ்சம் தசை, இரண்டு மஜ்ஜை இடைவெளி. லிம்போமா காணப்படவில்லை." நிம்மதியா இருக்கலாமா?

ஸ்லைடுப்பெட்டி | 29 ஜூன், காலை 8.20

இருக்கக் கூடாது. இரண்டு இடைவெளியில் காணவில்லை என்றால் பார்க்கவே இல்லை என்றுதான் பொருள். அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியிருக்கவே கூடாது, "போதாத மாதிரி" என்று நிறுத்தியிருக்க வேண்டும். முதலில், துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கில் மிச்சம் இருந்தால் ஆழமாக வெட்டிப் பார்க்கச் சொல், அதற்கு மறுபடி குத்த வேண்டியதில்லை. 0.6-ல் பெரிதாக எதிர்பார்க்காதே. ரேடியேஷன் மட்டும் கொடுத்து நிறுத்தும் திட்டம் என்றால் மறுபடி எடுத்தே ஆக வேண்டும். ஃபாலிகுலர் மெதுவாகப் போகும் ஆள்; ஒன்றிரண்டு வாரம் தள்ளினால் ஒன்றும் ஆகாது.

எல்லைக்கல் | 29 ஜூன், காலை 8.31

இடம் அதேதானா?

ஊசிமுனை | 29 ஜூன், காலை 8.45

வலது பக்கம் எடுத்திருந்தா இப்ப இடது. வெளியே வந்த துண்டை ஸ்கேல் வச்சு அங்கேயே அளந்து தாளில எழுதச் சொல்லுங்க. 2 செ.மீ. வரலன்னா மரத்துப்போகப் போட்ட மருந்து இறங்குறதுக்கு முன்னாடியே, அதே படுக்கையில, ஒரு செ.மீ. தள்ளி இன்னொரு தடவை.